டூலின் ‘லேட்டரலஸ்’ ஆல்பத்தை நெல்லைக் காதால் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் மகுடம் என்ற தோல் வாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், திருச்செந்தூர்த் திருப்புகழைக் கூட்டமாகப் பாடக் கேட்டவர்களுக்கும் புரோகிரஸிவ் மெட்டல், அதாவது சிக்கலான தாளங்களும் நீண்ட பாட்டுகளும் கொண்ட கனத்த ராக் இசை, சீக்கிரமே வசப்படும். இதை உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் நம் பக்கத்தில் இந்த இசையைத் தேடிப் போகிற பலர் முதல் பாட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். “கிட்டார் நல்லாத்தான் இருக்கு, தாளம்தான் பிடிபட மாட்டேங்கு” என்பார்கள். எல்லாவற்றையும் நாலு நாலாக எண்ணிப் பார்ப்பதால் வருகிற தொல்லை இது. சினிமாப் பாட்டு, சர்ச் பாடல், சாதாரண ராக் எல்லாம் பெரும்பாலும் நாலில் போவதால் காது அதற்குப் பழகிவிடுகிறது. இந்த இசையில் அடிக்கடி வருகிற ஐந்தும் ஏழும் நமக்குப் புதிதல்ல. அருணகிரிநாதரின் சந்தங்களில் அவை நிறைந்து கிடக்கின்றன. அந்தக் காதை இந்த இசைக்குத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு நான் பரிந்துரைப்பது டூல் இசைக்குழுவின் ‘லேட்டரலஸ்’. 2001 மே மாதம் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1990-இல் தொடங்கிய குழு இது. பாடுபவர் மேனார்ட் ஜேம்ஸ் கீனன், கிட்டார் ஆடம் ஜோன்ஸ், பேஸ் கிட்டார் ஜஸ்டின் சான்செலர், டிரம்ஸ் டேனி கேரி. 13 தடங்கள், கிட்டத்தட்ட 79 நிமிடங்கள். ஒரு சிடியில் அடங்கும் அளவை ஏறக்குறைய முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெளிவந்ததுமே அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதிலுள்ள ‘ஸ்கிஸம்’ பாட்டுக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது.

புரோகிரஸிவ் மெட்டல் என்றதும் விரல் தெறிக்கும் வேகத்தில் கிட்டார் சோலோ வாசிக்கும் குழுக்கள்தான் பலருக்கு நினைவு வரும். அந்த வேகத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் தாளத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறவருக்கு அது கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். டூலின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. நாலு பேரும் தங்கள் தங்கள் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். அவசரமே இருக்காது. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது.

முதல் படி: எண்ணாமல் கேளுங்கள்

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த ஆல்பத்தின் பாதி உயிர் பேஸ் கிட்டாரிலும் பெரிய டிரம்களிலும் இருக்கிறது, போன் ஸ்பீக்கர் அந்த அடிநாதத்தை விழுங்கிவிடும். காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் நல்லது, விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் ஏதும் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கேரியின் பாஸ் டிரம்மும் சான்செலரின் பேஸும் ஒன்றோடொன்று கலங்கிப் போகும்.

டூலின் ஆல்பங்கள் நெடுங்காலம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கவில்லை. 2019 ஆகஸ்டில்தான் வந்தன. இப்போது எளிதாகக் கிடைக்கும். ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் சில தடங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. ‘பாராபோல்’ மெல்லிய குரலில் முடியும் இடத்தில்தான் ‘பாராபோலா’ வெடிக்கும். நடுவில் வேறு பாட்டு நுழைந்தால் அந்த வெடிப்பே இல்லாமல் போய்விடும்.

ஒரே இருப்பில் கேட்க நேரம் வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனில் திருச்செந்தூர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கம் போவதற்குள் ஆல்பம் முடிந்துவிடும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் வயல்களைப் பார்த்துக்கொண்டு, தாளம் என்ன, சுதி என்ன என்று யோசிக்காமல் கேளுங்கள். எங்கே உடம்பு தானாக ஆடியது, எங்கே தடுமாறியது என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தடுமாறிய இடங்கள்தான் பின்னால் வேலைக்கு வரும்.

இரண்டாம் படி: எண்களை விட்டுவிட்டுச் சொற்கட்டுக்கு வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று வாயால் எண்ணிக்கொண்டு இந்தப் பாட்டுகளைத் தொடர முடியாது. ‘இரண்டு’ நீளம், ‘ஆறு’ குட்டை, ‘ஒன்பது’ இன்னும் நீளம். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் எடுக்கும்போது சம இடைவெளியில் விழுகிற அடியோடு நாக்கு எப்படி ஒட்டும்? சொற்கட்டில், அதாவது தாளத்தை வாயால் சொல்லும் எழுத்துக் கோவையில், அந்தச் சிக்கல் கிடையாது. எல்லாம் குறில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே மாத்திரை.

மூன்று: த கி ட
நாலு: த க தி மி
ஐந்து: த க த கி ட
ஏழு: த கி ட த க தி மி
ஒன்பது: த க தி மி த க த கி ட

முறையே திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம். மிருதங்கமோ தவிலோ கற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் ஒவ்வொன்றையும் நடந்துகொண்டே சொல்லிப் பழகுங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் ‘த’ வரும்போது மட்டும் தொடையில் தட்டுங்கள், மற்ற எழுத்துகளுக்குக் கை சும்மா இருக்கட்டும். ஐந்து தடுமாறாமல் ஓடத் தொடங்கியதும் ஏழுக்குப் போங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல வரும்வரை அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: ஐந்தைப் பிடியுங்கள்

முதல் பாட்டு ‘தி கிரட்ஜ்’. இதன் முக்கியமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, ஐந்தில் நடக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் எழுத்தாகத் தகதகிட என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் இடறினால் ‘தகிட தக’ என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஐந்துதான், அழுத்தம் விழும் இடம் வேறு. எது பாட்டின் எடுப்போடு சேர்ந்து உட்கார்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு பகுதியில் வேறு வேறு விதமாக உட்காரும், அதைக் கண்டுபிடிப்பதும் ஒரு சுகம்.

பாட்டின் கடைசிப் பகுதியில் கீனன் ஒரே மூச்சில் ஏறத்தாழ 25 விநாடி கத்துகிறார். அதைக் கேட்டு வாய்பிளப்பது இயல்பு. அடுத்த தடவை கேட்கும்போது அந்த அலறலை விட்டுவிட்டு, அதற்கு அடியில் டிரம்ஸ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

நான்காம் படி: ஐந்தும் ஏழும் சேர்ந்த பன்னிரண்டு

‘ஸ்கிஸம்’ பேஸ் கிட்டாரில் தொடங்குகிறது. அந்தச் சிறு பேஸ் வரிதான் பாட்டு முழுக்க முதுகெலும்பு. அதன் கணக்கு ஐந்தும் ஏழும்:

த க த கி ட | த கி ட த க தி மி

மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டை மூன்று மூன்றாக நாலு பங்கு போட்டால் ஊஞ்சல் ஆட்டம் போலச் சுலபமாகப் போயிருக்கும். அதே பன்னிரண்டை ஐந்து, ஏழு என்று ஏறுமாறாகப் பிளந்ததில்தான் அந்தப் பாட்டின் தவிப்பு இருக்கிறது. பிளந்து போன உறவைப் பற்றிய பாட்டு அது. சேர்ந்திருந்த துண்டுகள் விழுந்து கிடப்பதைச் சொல்கிற வரிகளுக்குச் சமமாக வெட்டப்படாத தாளம் எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தோன்றுகிறது.

இங்கே காலால் தாளம் போடுவதைத் தவிருங்கள். கால் பழக்கத்தில் சமமாகத் தட்டத் தொடங்கிவிடும், அப்புறம் நாக்கையும் தன் பக்கம் இழுக்கும். ஐந்தின் முதல் எழுத்துக்கு வலது கை, ஏழின் முதல் எழுத்துக்கு இடது கை. அதோடு நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே குட்டை இடைவெளி, இடதுக்கும் அடுத்த வலதுக்கும் நடுவே நெட்டை இடைவெளி என்று உடம்பே சொல்லிவிடும்.

பாட்டின் நடுப்பகுதியில் கணக்கு மாறிக்கொண்டே போகும். அங்கே எண்ணிக்கை நழுவினால் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம். பேஸ் வரி திரும்பி வரும்வரை சும்மா கேளுங்கள். அது வந்ததும் முதல் ‘த’வில் ஏறிக்கொள்ளுங்கள்.

ஏழை மட்டும் தனியாகப் பழக வேண்டும் என்றால் ‘டிக்ஸ் அண்ட் லீச்சஸ்’. கேரியின் டிரம்ஸோடு தொடங்குகிற பாட்டு, ஆல்பத்திலேயே மிக ஆவேசமானதும் அதுதான். தகிடதகதிமி என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

ஐந்தாம் படி: ஒன்பது, எட்டு, ஏழு

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய ஒன்பதாவது தடத்துக்கு வருகிறோம். மெல்லிய கிட்டாரில் தொடங்கி, கனத்த ரிஃப் ஒன்று இறங்கும். பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற பகுதி அது. அதன் கணக்கு:

த க தி மி த க த கி ட
த க தி மி த க தி மி
த கி ட த க தி மி

ஒன்பது, எட்டு, ஏழு. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எழுத்து குறைகிறது. முதல் தடவை கேட்பவருக்குத் தரை ஒவ்வோர் அடியாகப் பின்னால் நழுவுவது போல இருக்கும். ஏழு முடிந்ததும் மறுபடி ஒன்பது. மூன்றையும் கூட்டினால் இருபத்துநாலு, அதாவது மூன்று எட்டு. எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தை வேகமாக மூன்று ஆவர்த்தனம் (சுற்று) போட்டுக்கொண்டு இதைக் கேட்டுப் பாருங்கள். நடுவில் எல்லாம் தாறுமாறாகப் போவது போலிருந்து, மூன்றாவது ஆவர்த்தனம் முடியும் இடத்தில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும். இந்த விழுகையை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் இந்த ஆல்பம் உங்களை விடாது.

தவில் வாசிக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மடியில் தட்டினார். “கோபுச்சம்லா இது! ஒண்ணொண்ணா கொறச்சுட்டு வாரான்” என்றார். அதுவேதான். சொற்கட்டின் அளவு படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவதைக் கர்நாடக இசையில் கோபுச்ச யதி என்பார்கள். பசுவின் வால் அடியில் தடித்து நுனியில் மெலிவதால் வந்த பெயர். இங்கிலீஷ் வரிகள் ஒன்றும் விளங்காத அவர், பாட்டின் எலும்புக்கூட்டைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டார். நான் இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

இந்தப் பாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 9, 8, 7 என்ற இலக்கங்களைச் சேர்த்து எழுதினால் 987. இது ஃபிபனாச்சி வரிசையில் பதினாறாவது எண். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை அது: 1, 1, 2, 3, 5, 8, 13. கீனன் பாடத் தொடங்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் எத்தனை அசை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, அப்புறம் ஐந்து, மூன்று என்று இறங்கும். ஏறியும் இறங்கியும் போகிற இந்தச் சுழலைப் பாட்டின் பொருளும் பேசுகிறது.

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக மகிழ ஒரு விஷயம் இருக்கிறது. பிசா நகரத்து லியோனார்டோ, அதாவது ஃபிபனாச்சி, இந்த எண்களை 1202-இல் எழுதினார். அதற்கு முன்பே இந்திய யாப்பு அறிஞர்கள் இதைக் கண்டிருந்தார்கள், 12-ஆம் நூற்றாண்டு ஹேமச்சந்திரர் அவர்களில் ஒருவர். அவர்கள் கேட்ட கேள்வி, குறிலையும் நெடிலையும் வைத்து இத்தனை மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்பது. நீங்களே போட்டுப் பாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரைக்கு ஒரே வழி. இரண்டுக்கு, இரண்டு குறில் அல்லது ஒரு நெடில், ஆக 2 வழி. மூன்றுக்கு 3, நாலுக்கு 5, ஐந்துக்கு 8. காரணம் எளிது: கடைசியில் குறில் வந்தால் முன்னால் ஒரு மாத்திரை குறைவான அடி இருக்கும், நெடில் வந்தால் இரண்டு மாத்திரை குறைவான அடி இருக்கும். இரண்டையும் கூட்டினால் விடை. தாளத்திலிருந்து பிறந்த எண் வரிசை எங்கெங்கோ சுற்றி ஒரு மெட்டல் பாட்டின் தாளத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஆறாம் படி: ஒரு கேட்பில் ஒரே வாத்தியம்

இப்போது ஆல்பத்தை மறுபடி தொடங்குங்கள். இம்முறை ஒருவரை மட்டும் பின்தொடருங்கள். சான்செலரிலிருந்து தொடங்கச் சொல்வேன். மற்ற குழுக்களில் பேஸ் பின்னால் நிற்கும், இங்கே பல பாட்டுகளில் மெட்டே பேஸில்தான். விரலால் மீட்டாமல் பிக் என்ற சிறு தகட்டால் வாசிப்பதால் ஒவ்வொரு சுரமும் விளிம்போடு கேட்கும்.

ஜோன்ஸின் கிட்டாரைக் கேட்கும்போது அவர் வாசிக்காத இடங்களையும் சேர்த்துக் கேளுங்கள். சினிமாவுக்கு உருவங்களும் ஒப்பனையும் செய்யும் துறையிலிருந்து வந்தவர். சுரங்களை அள்ளிக் கொட்டுவதைவிட ஓர் ஒலியின் தன்மையை வளர்ப்பதில்தான் அவருக்கு நாட்டம். எனக்குப் பிடித்த கிட்டார் கலைஞர்களில் இவ்வளவு அடக்கமாக வாசிப்பவர் வேறு இல்லை.

கேரிக்கு ஒரு கேட்பு போதாது. ஒரு முறை கால்களை மட்டும், ஒரு முறை ஹை-ஹாட், சிம்பல் என்ற உலோகத் தட்டுகளை மட்டும், ஒரு முறை டாம் என்ற நடுத்தர டிரம்களை மட்டும் கேளுங்கள். கொடையில் மகுடம் அடித்து நடத்தும் கணியான் கூத்து பார்த்தவர்களுக்கு இதில் பயிற்சி இருக்கிறது. இரண்டு மகுடங்களில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரண்டும் தனித்தனியாகப் பேசி, சேர்ந்து ஒரு நடையாகக் காதில் விழும். அந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது, கேரியின் கையையும் காலையும் பிரித்துக் கேட்கும்.

ஏழாம் படி: கடைசி மூன்று பாட்டுகளைச் சேர்த்துக் கேளுங்கள்

‘டிஸ்பொசிஷன்’, ‘ரிஃப்ளெக்ஷன்’, ‘ட்ரையட்’ மூன்றும் ஒரே நீண்ட பாட்டுபோல அமைந்தவை, சேர்ந்து ஏறக்குறைய 25 நிமிடம். டேனி கேரி ஆலோக் தத்தாவிடம் தப்லா பயின்றவர். அந்தப் பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ‘ரிஃப்ளெக்ஷன்’ தொடக்கத்து டிரம்ஸில் தெளிவாகக் கேட்கலாம். குச்சியால்தான் அடிக்கிறார், ஆனால் சொற்களாக விழுகிறது.

இங்கே எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சுதியைக் கேளுங்கள். ‘ரிஃப்ளெக்ஷன்’ ஒரே ஆதார சுருதியில் நிலைத்து நிற்கும் பாட்டு. மேலைக் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்) மாறி மாறிப் போகாமல், ஒரே ச-வின் மேல் சுரங்கள் எழுந்து அடங்கும். ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு 11 நிமிடம் நீளமாகத் தெரியாது. ‘ட்ரையட்’டில் குரலே இல்லை, முழுக்க வாத்தியம்தான். அதற்குப் பிறகு வரும் கடைசித் தடம் இரைச்சலும் பதறிய குரலும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

எட்டாம் படி: வாசித்துப் பாருங்கள்

பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் சர்ச் பாடல் குழுவில் கிட்டார் தொட்ட பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தப் படி. கிட்டாரின் மிகத் தடித்த தந்தியை இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இதை டிராப் டி என்பார்கள், டூல் பெரும்பாலும் இதில்தான் வாசிக்கிறது. இப்போது கீழ்ச் சுர மூன்று தந்திகளும் டி, ஏ, டி. நம் கணக்கில் ச, ப, ச. தம்புராவின் ஆதாரம் அப்படியே கையில் வந்துவிட்டது. ஒரே விரலை மூன்று தந்தியிலும் குறுக்கே அழுத்தினால் கனத்த பவர் கார்டு, விரலை எடுத்தால் சுருதி.

‘ஸ்கிஸம்’ வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் இல்லாவிட்டால் கிட்டாரிலேயே பழகலாம். அதில் பல சுரங்களுக்கு வலது கை மீட்டுவதில்லை, இடது கை விரல் தந்தியை அடித்தும் இழுத்துவிட்டுமே ஒலி எழுகிறது. ஹாமர்-ஆன், புல்-ஆஃப் என்பது இதுதான். அந்தச் சுரங்கள் மங்கினால் தாளம் ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும். அதனால் முதலில் ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) இல்லாமல், பாதி வேகத்தில், ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள்.

தாள அடியை ஒலித்துக் காட்டும் மெட்ரோனோமை நாலில் வைக்காதீர்கள். பன்னிரண்டுக்கு ஒரு தடவை மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். நடுவில் இருக்கிற பதினொன்றையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். தொடக்கத்தில் அந்த ஒலி வருவதற்கு முன்போ பின்போ போய் நிற்பீர்கள். வாயில் சொற்கட்டை விடாமல் சொல்லிக்கொண்டே வாசித்தால் மெல்ல மெல்லச் சேரும். சொல்லிக்கொண்டு வாசிக்க முடியாத எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூட ஓர் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. தவிலோ மிருதங்கமோ தெரிந்தவர் என்றால் மிகவும் நல்லது, டிரம்ஸ் கிட் தேவையே இல்லை. அவர் பன்னிரண்டை மூன்று சதுஸ்ரமாகப் போடட்டும், நீங்கள் ஐந்து, ஏழாக வாசியுங்கள். அப்புறம் இடம் மாறுங்கள்: நீங்கள் கையால் மூன்று சதுஸ்ரம் போட்டுக்கொடுக்க, அவர் தவிலில் தகதகிட தகிடதகதிமி. இது சரளமாக வந்ததும் ‘லேட்டரலஸ்’ கணக்குக்குப் போங்கள். ஒருவர் ஆதி தாளத்தில் மூன்று ஆவர்த்தனம், மற்றவர் ஒன்பது, எட்டு, ஏழு. சமத்தில் இருவரும் ஒன்றாக விழும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.